சிர்கான்: யுரேனியம் குடிபுகுந்த மணிக்கல்

நகைக்கடையில் சிர்கான் கேட்டால் எடுத்துக் காட்டப்படுவது பெரும்பாலும் சிர்கானாக இருப்பதில்லை. அமெரிக்கன் டைமண்ட், ஏ.டி. கல், சி.செட். என்றெல்லாம் சொல்லப்படும் அந்தக் கல் கியூபிக் சிர்கோனியா. ஆலையில் உருக்கி எடுக்கப்படும் சிர்கோனியம் ஆக்சைடு. சிர்கானோ மண்ணிலிருந்து வரும் கனிமம். வேதியியல் கணக்கில் சிர்கோனியம் சிலிகேட். செயற்கைக் கல்லோடு சேர்த்து நினைக்கப்பட்டதால் இயற்கைக் கல்லின் மதிப்பும் சரிந்துவிட்டது. ரத்தினவியல் படித்தவர்களையும் சில சேகரிப்பாளர்களையும் விட்டால் அதைத் தேடி வருபவர்கள் குறைவு. இது அநியாயம்தான். வயது, ஒளி, தொழிற்சாலைப் பயன் மூன்றிலும் சேர்த்துப் பார்த்தால் சிர்கானுக்கு ஈடு சொல்லக்கூடிய மணிக்கல் எதுவும் சட்டென்று நினைவுக்கு வராது.

நான்கு பக்கத் தூண், இரு முனைகளிலும் கூம்பு: ஒழுங்காக வளர்ந்த சிர்கான் படிகத்தின் வடிவம் இது. மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 6.5 முதல் 7.5 வரை. கையில் எடுத்தால் கனம் தெரியும். அடர்த்தி நீரைப்போல் 4.6 முதல் 4.7 மடங்கு, வைரமோ 3.52 மடங்குதான். ஒளிவிலகல் எண் 1.92-லிருந்து 1.98 வரை போகும். மாணிக்கமும் நீலமும் 1.77-ஐ ஒட்டியே நின்றுவிடுகின்றன. வெள்ளொளியை நிறங்களாகப் பிரித்து வீசும் திறன் வைரத்துக்கு 0.044, சிர்கானுக்கு 0.039. ஒரு காலத்தில் வைரத்துக்கு மாற்றாக நிறமற்ற சிர்கான் விலைபோனது இந்த எண்களின் தயவால்தான். இலங்கையின் தென்கரை ஊரான மாத்தறையின் பெயரைச் சேர்த்து 'மாத்தறை வைரம்' என்றே வணிகர்கள் அதை அழைத்தார்கள்.

வைரத்தையும் சிர்கானையும் பிரித்தறிவது கடினமில்லை. சிர்கானுக்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கல்லின் மேல்முகம் வழியே பார்த்தால், அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். வைரத்திலோ கியூபிக் சிர்கோனியாவிலோ இது நடக்காது. இந்த இரட்டிப்பு கல்லின் உட்புறத்தைக் கலங்கலாகக் காட்டும் என்பதால், கைதேர்ந்தவர்கள் படிகத்தின் நீள அச்சு மேல்முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி கல்லை நிறுத்திப் பட்டை தீட்டுவார்கள். அந்தத் திசையில் ஒளி பிரிவதில்லை.

சிர்கானின் உண்மையான பலவீனம் நொறுங்கும் தன்மை. கீறலை ஓரளவு தாங்கும், இடிபடுவதைத் தாங்காது. ஒரே பொட்டலத்தில் நாலைந்து கற்களைப் போட்டு வைத்தால் ஒன்றோடொன்று உரசியே பட்டை விளிம்புகள் பொரிந்துவிடும். அதனால் வணிகர்கள் ஒவ்வொரு கல்லையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைக்கிறார்கள். மோதிரத்தைவிடத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் ஏற்ற கல் இது.

இதன் கதையை நடத்திச் செல்வது சிர்கோனியமோ சிலிக்கனோ அல்ல, அழையாமல் உள்ளே வந்த யுரேனியம். படிகம் வளரும்போது சிர்கோனியம் அணு உட்கார வேண்டிய இடங்களில் ஆங்காங்கே யுரேனியமும் தோரியமும் உட்கார்ந்துகொள்கின்றன. மின்னேற்றம் ஒன்று, பருமனிலும் பெரிய வேறுபாடில்லை என்பதால் படிகம் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. அளவு சொற்பம்: பத்து லட்சத்தில் சில நூறு பங்கு, சில கற்களில் சில ஆயிரம் பங்கு வரை. ஆனால் அவை கதிரியக்க அணுக்கள். யுரேனியம் சிதைந்து ஆல்பா துகளை வெளியே தள்ளும்போது, துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதுபோல் மிஞ்சிய கருவும் எதிர்த்திசையில் உதைபட்டு, சுற்றியுள்ள ஏறத்தாழ ஆயிரம் அணுக்களை இடம்பெயர்த்துவிடுகிறது. ஒரு சிதைவில் எதுவும் தெரியாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இது தொடரும்போது, அடுக்கடுக்காக நின்ற அணுக்கள் கலைந்து, படிகம் உள்ளுக்குள் கண்ணாடியைப்போல் ஒழுங்கற்றதாகிறது. வெளி வடிவம் மட்டும் பழைய படிகமாகவே நிற்கும்.

இந்தச் சேதத்தின் அளவை வைத்துத்தான் ரத்தினவியலாளர்கள் சிர்கானை உயர்நிலை, இடைநிலை, தாழ்நிலை என மூன்றாகப் பிரிக்கிறார்கள். உயர்நிலைக் கல்லில் படிக அமைப்பு சேதமின்றி இருக்கும். மேலே சொன்ன எண்கள் அதற்குரியவை. தாழ்நிலைக் கல் பருமனில் ஏறத்தாழ 18 விழுக்காடு வரை உப்பியிருக்கும், அடர்த்தி 4-க்கு அருகே இறங்கியிருக்கும், ஒளிவிலகல் எண் 1.8-ஐ ஒட்டி வந்துவிடும், இரட்டைக் கோடும் மறைந்துபோகும். இலங்கையின் இரத்தினபுரிச் சரளைகளில் கிடைக்கும் மங்கிய பச்சைச் சிர்கான்கள் இதற்குப் பேர்போனவை. அவற்றைப் பெற்ற பாறைகளின் வயது 55 கோடி ஆண்டுகளை ஒட்டியது. அத்தனை காலமும் கதிரியக்கம் உள்ளிருந்தே கல்லை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நல்ல சூட்டில் வைத்தால் கலைந்த அணுக்களில் பெரும்பகுதி மறுபடி ஒழுங்குக்கு வந்து அடர்த்தியும் கூடுகிறது. ஒரு வேடிக்கையும் உண்டு. கியூபிக் சிர்கோனியாவின் இயற்கைத் துணுக்குகளை 1937-இல் இரண்டு ஜெர்மன் கனிமவியலாளர்கள் முதன்முதலாகக் கண்டது இப்படிச் சிதைந்த ஒரு சிர்கானுக்குள்தான்.

யுரேனியம் உள்ளே இருப்பது நிறமாலையிலும் தெரியும். சிர்கான் வழியே வரும் ஒளியை நிறமாலைமானியில் பிரித்தால் நெடுகக் கறுப்புக் கோடுகள் விழும். சிவப்புப் பகுதியில் வரும் ஒரு கோடு இந்தக் கல்லுக்குக் கைரேகையாகவே பயன்படுகிறது. இந்தக் கோடுகள் ஒரு பெரிய விஞ்ஞானியையே ஏமாற்றியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1869-இல் இவற்றைப் பார்த்துப் புதிய தனிமம் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, 'ஜார்கோனியம்' என்று பெயரும் வைத்துவிட்டார். கோடுகளுக்குக் காரணம் யுரேனியம் என்று பிறகு தெளிந்து, அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். அதற்கு 80 ஆண்டுகள் முன்பே, 1789-இல், பெர்லின் வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத் இலங்கைச் சிர்கானிலிருந்து புதிய ஆக்சைடு ஒன்றைப் பிரித்துச் சிர்கோனியத்தை உலகுக்குச் சொல்லியிருந்தார். அதே ஆண்டில் வேறொரு தாதுவிலிருந்து யுரேனியத்தை அறிவித்தவரும் அவரேதான். இரண்டும் ஒரே படிகத்தில் குடித்தனம் நடத்துவதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நிறங்களுக்கு வருவோம். பூமியிலிருந்து வரும் சிர்கானில் பெரும்பகுதி பழுப்பு, செம்பழுப்பு. படிகத்துக்குள் நடக்கும் கதிர்வீச்சு இந்த நிறத்தை ஊட்டுகிறது. சூடாக்கினால் கலைந்துவிடும் நிறம் இது. செம்மஞ்சளும் செம்பழுப்பும் கலந்த கற்களை ஐரோப்பியர்கள் ஹையசிந்த் என்றார்கள். தேன் நிறக் கற்களைக் கோமேதகத்தோடு குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. கோமேதகம் ஹெஸ்ஸோனைட் என்ற கார்னெட் வகை. லென்ஸில் பார்த்தால் உள்ளே பாகு கரைவதுபோல் அலையலையாக இருக்கும், இரட்டைக் கோடு இராது. சிர்கானில் அது பளிச்சென்று தெரியும். நம் நவமணிகளில் இடம் கிடைக்காத சிர்கானுக்குத் தாய்லாந்தின் நவமணி வரிசையில் இடம் உண்டு; அங்கே பவளத்துக்குப் பதிலாக அதுதான் அமர்ந்திருக்கிறது.

மஞ்சள், பொன்னிறம், நிறமற்றவை ஆகியவை இயற்கையிலும் கிடைக்கும், உலையிலும் உண்டாகும். சந்தையில் அதிக விலை பெறும் நீலம் மட்டும் ஏறக்குறைய முழுவதும் உலையின் பிள்ளை. கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் எடுக்கப்படும் செம்பழுப்புக் கற்களை ஆக்சிஜன் குறைந்த சூழலில் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் நீலமாகின்றன. காற்றோட்டத்தில் சூடேற்றினால் அதே கல் பொன்னிறமாகவோ நிறமற்றதாகவோ மாறும். எல்லா ஊர்ச் சிர்கானும் இப்படி மாறுவதில்லை. ரத்தனகிரிக் கற்கள் புவியியல் கணக்கில் மிக இளைய எரிமலைப் பாறையோடு மேலே வந்தவை; உள்ளிருக்கும் கதிரியக்கத்துக்குக் கல்லைக் கெடுக்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் நீலச் சிர்கான்கள் உயர்நிலை வகையாகவே இருக்கின்றன. நீலத்துக்குக் காரணம் நான்கு நேர்மின்னேற்றம் கொண்ட யுரேனியம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

1920-களில் இந்த நீலம் மேற்கத்திய நாடுகளில் பெரும் மோகமாக இருந்தது. டிஃப்பனி நிறுவனத்தின் ரத்தினவியலாளர் ஜார்ஜ் குன்ஸ் அதற்கு 'ஸ்டார்லைட்' என்று புதுப்பெயர் சூட்டிப் பார்த்தார், ஒட்டவில்லை. அமெரிக்க நகை வணிகர்களின் 1952-ஆம் ஆண்டுப் பட்டியலில் டிசம்பர் மாதப் பிறப்புக்கல்லாகச் சிர்கான் சேர்க்கப்பட்டது. நீலக் கல் வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: வெயிலிலும் புற ஊதா விளக்கிலும் நெடுநேரம் இருந்தால் சில கற்கள் பழைய பழுப்பை நோக்கித் திரும்பும். மறுபடி சூடேற்றினால் நீலம் வரும் என்றாலும், அதற்காக நகையைக் கழற்றிக்கொண்டு அலைய யாருக்கும் பொறுமை இராது.

மணிக்கல்லின் நிறத்தைத் தீர்மானித்த அதே யுரேனியம் புவியியலாளர்களுக்குக் கடிகாரமாகிவிட்டது. சிர்கான் வளரும்போது யுரேனியத்தை ஏற்கிறது, ஈயத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே உள்ளே ஈயம் இருந்தால் அது ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து உண்டானதுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235-க்கு 70 கோடி ஆண்டுகள். ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரம் காட்டினால் வயதை நம்பலாம். பாறை தேய்ந்து மண்ணாகி, மீண்டும் பாறையாகி, உருமாறிய பின்னும் சிர்கான் மணிகள் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த ஒரு மணியின் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள் என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூமியில் உருவான பொருள்களில் வயது அளக்கப்பட்ட மிகப் பழையது அது. பூமிக்கே வயது சுமார் 455 கோடி ஆண்டுகள். அந்தத் தொன்மணிகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு, அன்றே பூமியில் நீர் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

இந்தக் கடிகாரத்தைப் படிக்கக் கற்ற முயற்சி ஒரு பெரிய பொதுநலக் காரியத்துக்கும் வழிவிட்டது. 1940-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டில்ட்டன் சிர்கானிலுள்ள யுரேனியத்தையும், கிளேர் பேட்டர்சன் ஈயத்தையும் அளந்தார்கள். பேட்டர்சனுக்குக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. இருக்க வேண்டியதைவிட எக்கச்சக்கமான ஈயம். கல்லுக்குள்ளிருந்து வந்ததல்ல அது; காற்று, தூசி, குழாய், பாத்திரம் என ஆய்வகமே ஈயத்தில் தோய்ந்திருந்தது. அதைச் சுத்தம் செய்யப் பழகியவர், விண்கற்களை அளந்து பூமியின் வயதைச் சொன்னார். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியைப் பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்ப்பதற்கே செலவிட்டார்.

தொழிற்சாலைக்குப் போகும் சிர்கான் மணிக்கல்லாக வருவதில்லை, மணலாக வருகிறது. பாறைகள் சிதையும்போது மற்றவை கரைந்தும் தேய்ந்தும் போக, சிர்கான் ஆற்றோடு கடலுக்கு வந்து, கனத்தால் கரையிலேயே தங்கிவிடுகிறது. உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் முன்னணியில் நிற்கின்றன. நம் பக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியும் கேரளத்துச் சவறையும் பெயர் பெற்றவை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டதிலிருந்து இந்தக் கரையின் கதை தொடங்குகிறது. அவர் தேடியது காஸ் விளக்கு மேண்டிலுக்கான தோரியம். சிர்கான் உடன்வந்த சரக்கு. இன்று மணவாளக்குறிச்சி ஆலையை நடத்துவது ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம். கடலரிப்பும் கதிரியக்கமும் பற்றிய கரையோர மக்களின் அச்சம் பழையது; தாது மணல் அள்ளுவதற்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்ததும் இந்தக் கரைகளின் வரலாற்றில் சேரும்.

மணலிலிருந்து சிர்கானைப் பிரிப்பது அழகான வேலை. இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட், சில்லிமனைட், சிர்கான் எல்லாம் கலந்தே கிடக்கும். முதலில் சுருள் ஓடைகளில் நீரோடு விட்டு லேசான வெண்மணலைக் கழித்துவிடுவார்கள். மின்புலத்தில் விட்டால் மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒருபக்கம் விலகும். காந்தம் வைத்தால் கார்னெட்டும் மோனசைட்டும் போய்விடும். மின்சாரமும் கடத்தாமல் காந்தத்துக்கும் மசியாமல் மிஞ்சுவது சிர்கானும் சில்லிமனைட்டும். சிர்கான் கனமானது என்பதாலும், நுரையேற்றி மிதக்கவிடும் முறையாலும் அந்த இரண்டும் பிரிகின்றன.

இந்த மணலில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று கேட்டால் பதில் சற்று ஏமாற்றமாக இருக்கும்: தரை ஓட்டுக்கும் குளியலறைப் பீங்கானுக்கும். மைக்ரான் அளவுக்கு மாவாக அரைத்துப் பூச்சில் கலந்தால், டைல்ஸுக்கும் வாஷ்பேசினுக்கும் அந்த ஒளிபுகா வெண்மை கிடைக்கிறது. பூச்சுக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5, உள்ளே மிதக்கும் சிர்கான் துகளுக்கோ 1.9-க்கு மேல். இந்த இடைவெளியால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. மணிக்கல்லுக்கு ஒளி கொடுத்த அதே பண்புதான் இங்கே டைல்ஸுக்கு வெள்ளையடிக்கிறது.

அடுத்து வார்ப்பட ஆலைகள். சாதாரண ஆற்று மணல் 573 டிகிரியில் சட்டென்று விரிந்து அச்சைக் கெடுத்துவிடும். சிர்கான் மணல் மிகக் குறைவாகவே விரிகிறது, வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது, உருகிய உலோகம் அதில் ஒட்டுவதில்லை. விலை அதிகம் என்பதால் அச்சு முழுவதையும் அதில் செய்யாமல், உலோகம் படும் முகப்பில் மட்டும் பூச்சாகப் பூசிக்கொள்வது வழக்கம். விமான எஞ்சினின் டர்பைன் இறக்கைகளை வார்க்கும் அச்சுகளிலும், கண்ணாடி உருக்கும் உலைகளின் செங்கற்களிலும் சிர்கான் இருக்கிறது.

சிர்கோனியம் உலோகத்தின் பாதை நீளமானது. 1824-இல் ஸ்வீடனின் பெர்சீலியஸ் அதைக் கலப்புள்ள தூளாகப் பெற்றார். வளையக்கூடிய சுத்தமான உலோகத்தை நெதர்லாந்தின் வான் ஆர்க்கெலும் டி போயரும் 1925-இல்தான் தயாரித்தார்கள். அதற்குப் பெரிய கிராக்கி வந்தது அணு உலைகளால். எரிபொருள் குழாய் 300 டிகிரி சுடுநீரில் அரிக்கப்படக்கூடாது, நியூட்ரான்களையும் விழுங்கிவிடக்கூடாது. சிர்கோனியம் இரண்டுக்கும் பொருந்தும். தடங்கலாக வந்தது ஹாஃப்னியம். 1923-இல் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்கானை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து கண்ட தனிமம் இது. வேதியியல் நடத்தையில் சிர்கோனியத்தின் இரட்டைப் பிறவி. ஒவ்வொரு சிர்கானிலும் ஓரிரு விழுக்காடு ஒளிந்திருக்கும். நியூட்ரானை விழுங்குவதிலோ சிர்கோனியத்தைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல் பசி. மணிக்கல்லில் ஒரு பொருட்டாக எண்ணப்படாத இந்தக் கலப்பு, உலையில் ஆகவே ஆகாது. அமெரிக்கா தன் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸுக்காக 1940-களின் பிற்பாதியில் இரண்டையும் பெருமளவில் பிரிக்கக் கற்றது. பிரித்தெடுத்த ஹாஃப்னியமும் வீணாகவில்லை; நியூட்ரானை விழுங்கும் அந்தக் குணத்துக்காகவே உலையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம். அதன் கிளையான சிர்கோனியம் வளாகம் 2009 முதல் தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் இயங்குகிறது. சிர்கான் மணலைக் காஸ்டிக் சோடாவோடு உருக்கிச் சிலிக்காவைக் கழித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைப்பான் கொண்டு ஹாஃப்னியத்தை விலக்கி, கடைசியில் மெக்னீசியத்தால் ஒடுக்கினால் பஞ்சுபோன்ற உலோகம் கிடைக்கும். அதனோடு சிறிது வெள்ளீயம் சேர்த்த கலவைதான் சிர்கலாய். கல்பாக்கம் மின் உலைகளின் எரிபொருளை மூடியிருப்பது அது. குறையும் உண்டு. குளிர்விக்கும் நீர் நின்று குழாய் 1,200 டிகிரியைத் தொட்டால், சிர்கோனியம் நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா கட்டடங்கள் வெடித்தது அந்த ஹைட்ரஜனால்.

சிர்கோனியம் ஆக்சைடு, அதாவது சிர்கோனியா, தனி உலகம். சுமார் 2,700 டிகிரி வரை உருகாத இந்தப் பொருளுக்கு ஒரு கெட்ட குணம்: சூடாகி ஆறும்போது படிக அமைப்பு மாறி, சட்டென்று பருத்து, தானே விரிசல் விடும். இட்ரியம் ஆக்சைடைச் சிறிது கலந்தால் அந்த மாற்றம் அடங்கும். போதிய அளவு கலந்து, பாத்திரம் எதுவும் தாங்காத சூட்டில், தன் குளிர்ந்த ஓட்டுக்குள்ளேயே உருகவைத்து, 1970-களில் மாஸ்கோவின் லெபதேவ் நிறுவனத்தார் எடுத்ததுதான் கியூபிக் சிர்கோனியா. திருச்சியில் பட்டை தீட்டப்படும் செயற்கைக் கற்களில் அதற்கும் இடம் உண்டு.

குறைவாகக் கலந்தால் வேறொரு பயன். ஆஸ்திரேலியாவில் கார்வியும் சகாக்களும் 1975-இல் இதைக் காட்டினார்கள்: அரைகுறையாக அடக்கப்பட்ட சிர்கோனியாவில் விரிசல் ஓடத் தொடங்கினால், அதன் முனையிலுள்ள துகள்கள் மாற்றமடைந்து பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடுகின்றன. கெட்ட குணமே வலுவாகிவிட்டது. பீங்கான் கத்திகளும் பல் மருத்துவர் பொருத்தும் சிர்கோனியா உறைகளும் இந்த அடிப்படையில் வந்தவை. சூடான சிர்கோனியா ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே கடத்தும் என்பதால் வாகனப் புகைக்குழாயிலும் அது உட்கார்ந்திருக்கிறது. புகையிலும் வெளிக்காற்றிலும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டை மின்னழுத்தமாக மாற்றி எஞ்சினின் கணினிக்குச் சொல்வதும், பெட்ரோல் எவ்வளவு விட வேண்டும் என்று அந்தக் கணினி முடிவெடுக்க உதவுவதும் அதன் வேலை. பி.எஸ்.-6 விதி வந்தபின் சாதாரண இருசக்கர வாகனங்களிலும் இந்த உணரி இருக்கிறது.